அத்தையை நான் இன்டர்வியூ செய்தது

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அப்பாவின் தங்கை, என் அத்தை, திருநெல்வேலியிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு, மலையாளம் பேசும் ஊரான ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாலு நாளில் திரும்பிவிடுவாள் என்றார்கள். மழைக்காலம் முடிந்தும் போகவில்லை. ஏன் வந்தாள் என்று யாரும் அவளைக் கேட்கவுமில்லை. அப்பா மட்டும் அவ்வப்போது அத்தையின் கணவரிடம் போனில், “அடுத்த மாசம் நானே கொண்டுவந்து விட்டுடறேன், மாப்பிள்ளை” என்று சமாதானம் சொல்வார்.

அத்தைக்கு வேறு எண்ணம் இருந்தது. பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். திருநெல்வேலியில் பள்ளிக்கூட ஆபீஸில் பார்த்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்களாம். தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாளாம். வேலை கிடைக்கவில்லை. வீடு திரும்பியவள் முகம் கழுவிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள்.

“அடுத்த வாரம் அங்கேயே இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்கா. நீ நன்னா இங்கிலீஷ் பேசறே. என்னைக் கேள்வி கேளு. அத்தையாச்சேன்னு பார்க்காதே.”

நான் பார்க்கவில்லை. அப்பாவின் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தேன். அத்தை சமையலறைப் பக்கமிருந்து கதவைத் தட்டி அனுமதி கேட்டு வருவாள். தரையைப் பார்த்துப் பேசினால் திருப்பி அனுப்புவேன். மறுபடி தட்டிக்கொண்டு வருவாள். வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்கினாலும் அதே தண்டனைதான். ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பதிலாகத் தேறிக்கொண்டே வந்தாள். வேலையை ஏன் விட்டீர்கள் என்ற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் “ஃபேமிலி ரீசன்ஸ்” என்று முணுமுணுத்தாள்.

“என்ன ரீசன்ஸ், மேடம்? தெளிவாச் சொல்லணும். மனசிலாயோ?”

அத்தை இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். என் கண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். கணவர் அவளை அடித்தார். ஆபீஸ் வாசலுக்கே வந்தும் அடித்தார். அதனால் வேலையை விட்டாள், அந்த வீட்டையும் விட்டாள்.

“‘பீட்டட்’ இல்லை அத்தை. பாஸ்ட் டென்ஸிலும் ‘பீட்’தான். திருப்பிச் சொல்லுங்கோ.”

திருப்பிச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. சமையலறையில் அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வெளியே போனார். பயிற்சிக்காக அத்தை இட்டுக்கட்டிய பதில் என்று நினைத்த நான், இவ்வளவு நீளம் கூடாது என்று அறிவுரை சொன்னேன்.

“சரி, சுருக்கிக்கறேன். அந்த ஊர்ல எனக்குப் பாதுகாப்பு இல்லை, இங்க இருக்கு. இவ்வளவு போதுமா?”

“போதும். நெக்ஸ்ட் கொஸ்டின்.”

இன்டர்வியூ அன்று அப்பா விடுப்பு எடுத்து, அத்தையை ஸ்கூட்டரில் கழக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். வெயிலில் கேட்டுக்கு வெளியிலேயே காத்திருந்தாராம். சாயங்காலம் இருவரும் திரும்பினார்கள். வேலை கிடைத்துவிட்டது. நானே ஜெயித்ததுபோல வீடு முழுக்க ஓடினேன்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அன்னிக்கு அத்தை இங்கிலீஷ்ல சொன்னாளே, அது உனக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அப்பா. ஒரே ஒரு தப்புதான் இருந்தது. சரி பண்ணிட்டேன்.”

அப்பா என் தலையில் கையை வைத்தார். அதை வெகுநேரம் எடுக்கவில்லை. பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.