கழற்றாமல் விட்ட சக்கரம்

தெரியாதவன் செய்த பிழையை அறியாமை என்று சொல்லிவிடலாம். தெரிந்தவன், தெரிந்ததைப் பயன்படுத்தாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்? அரியமுத்துவின் வாழ்க்கையை யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

பெரம்பலூரிலிருந்து வரும் சாலை அரியலூருக்குள் நுழையும் இடத்தில் அவர் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். தகரக் கூரை, வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்க ஒரு பள்ளம், காற்று அடிக்கும் கம்ப்ரஸர். நல்ல மெக்கானிக் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வண்டியை ஓட்டி வருகிறவர் இறங்குவதற்குள் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் ‘பெரும்பாலும்’தான் அவரைக் கெடுத்தது.

சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வரும் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக்கில் தூசி படியும். மிதித்தால் கிறீச்சென்று கத்தும். இதற்காக யாரும் சக்கரத்தைக் கழற்றுவதில்லை. வெளியில் இருந்தே இரண்டு முறை காற்றடித்து, சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்து, பிரேக் பேடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். "அரியலூர் வண்டின்னா கத்தத்தான் செய்யும். கத்தலைன்னாதான் சந்தேகப்படணும்" என்பது அரியமுத்து எல்லாரிடமும் சொல்லும் வேடிக்கை.

ஆனால் பேடு இரண்டு உண்டு. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை வெளியில் இருந்து ஒன்றும் உள்ளிருந்து ஒன்றும் பிடிக்கின்றன. இடுக்கு வழியாகத் தெரிவது வெளிப்பேடு மட்டும். உள்ளே இருப்பதைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இரண்டையும் சமமாக நகர்த்தும் இரும்புப் பின்களில் தூசி புகுந்து, அதன்மேல் மழைநீரும் பட்டால் அவை இறுகிப்போகும். பிறகு வெளிப்பேடு சும்மா இருக்க, உள்பேடு மட்டும் தேயும். தேய்ந்து மெலிந்ததும் அதிலுள்ள சிறிய தகர நாக்கு தட்டில் உரசிக் கத்த ஆரம்பிக்கும். தூசிச் சத்தம் மிதித்தால்தான் வரும். இந்தச் சத்தம் மிதிக்காமல் ஓடும்போதும் வரும். இதெல்லாம் அரியமுத்துவுக்குத் தெரியும்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி பாலசுந்தரம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பல வருஷ வாடிக்கை. பக்கத்தில் மனைவி மேகலா. பின்னால் புதுசாக அடித்த மக்காச்சோளம் மூட்டைகளாக இருந்தது. விளைந்ததில் முதல் பங்கைக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம்.

"அரியமுத்து, கத்துதுப்பா. மிதிக்காதப்பவும் கத்துது. கொஞ்சம் என்னான்னு பாரு."

"மழை பேஞ்சி காஞ்சதுல்லண்ணே, தூசி அப்பியிருக்கும்."

"நடை சாத்துறதுக்குள்ள போவணும். ரொம்ப நேரம் ஆவுமா?"

"நீங்க எறங்கவே வேணாம்" என்றார் அரியமுத்து. காற்றடித்தார். குனிந்து டார்ச் அடித்தார். வெளிப்பேடு பாதிக்கு மேல் இருந்தது. "ஜம்முனு இருக்கு, போயிட்டு வாங்க."

திரும்பும்போது விபத்து நடந்தது. முன்னால் போன டிப்பர் லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. பாலசுந்தரம் மிதித்தார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் லாரியின் பின்புறம் மோதியது. அவருக்கு நெற்றியில் கீறல். மேகலாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

வண்டியைக் கட்டி இழுத்து அரியமுத்துவிடமே கொண்டுவந்தார்கள். அவர் தனியாக உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினார். உள்பேடில் ஒட்டியிருந்த பொருள் முழுக்கத் தேய்ந்து வெறும் தகடுதான் மிஞ்சியிருந்தது. தட்டில் கோடு கோடாக உழுத மாதிரி பள்ளம். இறுகிப்போன பின்களைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது.

நெற்றியில் கட்டோடு வந்து நின்ற பாலசுந்தரம் கேட்டார்: "பிரேக்கெல்லாம் சரியாத்தானப்பா இருந்துச்சு? நீதான் பாத்தியே. நான்தான் ரொம்ப ஒட்டிப் போயிட்டேன்."

அந்த இடத்தில் அரியமுத்து உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். "எல்லாத்தையும் மாத்திடுறேண்ணே" என்று மட்டும் சொன்னார். எல்லாவற்றையும் மாற்றினார். பழைய பேடுகளை இரும்புக் கழிவோடு போட்டுவிட்டார்.

வண்டி தயாரானதும் அவரே ஓட்டிக்கொண்டுபோய் அவர்கள் வீட்டில் விட்டார். கொட்டகையில் பாலசுந்தரம் மாட்டுக்குக் கீழே உட்கார்ந்து பால் கறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு மேகலா பக்கத்தில் நின்றாள்.

"பாத்தீங்களா தம்பி? காம்பைப் புடிக்கச் சொன்னா காரு ஆரனைப் புடிச்ச மாதிரி அமுக்குறாரு. மாடு ஒதைக்காம என்ன செய்யும்?"

அரியமுத்து சிரிக்க முயன்றார்.

"பெருமாளுக்கு மூட்டையைக் குடுக்கப் போனவரு எனக்கு மூட்டை கட்டப் பாத்தாரு. இனிமே இவரு ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன். பஸ்ஸுல போயிக்கிறேன். முன்னாடி போற லாரி தெரியாத கண்ணு என்ன கண்ணு?"

அரியமுத்து சாவியை நீட்டியபோது பாலசுந்தரம் அதை வாங்காமல், "அங்க ஆணியில மாட்டிடு. நான் இப்ப ஓட்டுறதில்ல" என்றார். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அரியமுத்து பஸ் ஏறினார்.

அதன்பின் ஒர்க்‌ஷாப்பில் வேடிக்கை நின்றுபோனது. பிரேக் கத்துகிறது என்று வந்த ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரத்தைக் கழற்றினார். அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு வேறு இடம் போனார்கள். மனிதர் திருந்திவிட்டார் என்று இதைப் பாராட்டுவது சுலபம். ஆனால் யாரோ ஒருவருடைய சக்கரத்தைக் கழற்றுவதால் பாலசுந்தரத்தின் தலை நிமிரப்போவதில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள் மனைவி ராசாத்தி. நடந்ததை அவளிடம்தான் முதலில் சொன்னார். அவள் சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அந்த மனுசன்கிட்ட போயி சொல்லுங்க" என்றாள்.

மாசி முடிவதற்குள் ஒரு நாள் பாலசுந்தரத்தின் வீட்டுக்குப் போனார். இருவரும் வீட்டில் இருந்தார்கள். மேகலாவின் கட்டைப் பிரித்திருந்தார்கள். விரல்கள் இன்னும் முழுக்க மடங்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. உள்பேடு சுத்தமா தேஞ்சிருந்துச்சு. நான் சக்கரத்தைக் கழட்டல. கழட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பாலசுந்தரம் புரியாமல் பார்த்தார். "அது எப்புடிப்பா உனக்கு முன்னாடியே தெரியும்?"

"நீங்க சொன்னீங்கண்ணே. மிதிக்காதப்பவும் கத்துதுன்னு. அதைக் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"நானா சொன்னேன்?" அவருக்கு நினைவே இல்லை. ஏதோ தொலைந்தது கிடைத்தவர் போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியாடி, நான் சொல்லியிருக்கேன்."

மேகலா கணவனைப் பார்க்கவில்லை. அரியமுத்துவையே பார்த்தாள். "சக்கரத்தைக் கழட்டாதது போவட்டும். அன்னைக்கு மாட்டுக்கொட்டாயில நின்னியே. நான் இவரை அந்தப் பேச்சு பேசுனேனே, கேட்டுக்கிட்டுக் காப்பி குடிச்சியே. அப்ப வாயைத் தொறக்கறதுக்கு என்ன?"

அரியமுத்து அவளுடைய மடங்காத விரல்களைப் பார்த்தார்.

"கையி கூடிப்போவும்" என்றாள் அவள். "பேசுன பேச்சை நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது?" உள்ளே போய்விட்டாள்.

பங்குனியில் பாலசுந்தரமே காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். முன் இருக்கையில் மேகலா இருந்தாள். கல்லங்குறிச்சித் தேருக்குப் போகிறார்கள்.

"எறங்கவா, உக்காந்துக்கவா?" என்றார் பாலசுந்தரம் சிரித்துக்கொண்டே.

"எறங்குங்கண்ணே."

நான்கு சக்கரங்களையும் கழற்றினார். மேகலா வேப்பமர நிழலில் உட்கார்ந்து இடது கையால் விசிறிக்கொண்டு ஒவ்வொன்றையும் கவனித்தாள். அவர் முடித்துக் கையைத் துடைத்தபோது, "சரி வுடு தம்பி. நடந்தது நடந்துபோச்சு. இனிமே வண்டிக்கு ஒன்னுன்னா உங்கிட்டதான் வருவோம்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

சித்திரை பிறந்ததும் ஒர்க்‌ஷாப்பைக் கருவிகளோடு வேறொருவருக்கு வாடகைக்கு விட்டார். பெரம்பலூரில், தன்னைவிட வயதில் சிறியவர் ஒருவரின் பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஆளாகச் சேர்ந்தார். வாடிக்கையாளரிடம் பேசி, ‘ஜம்முனு இருக்கு’ என்று சொல்லி அனுப்பும் வேலை மட்டும் தனக்கு வேண்டாம் என்று சேரும்போதே கேட்டுக்கொண்டாராம். எல்லாரும் மன்னித்த பிறகு இதற்கு என்ன அவசியம் என்று ராசாத்தி பல தடவை கேட்டுப் பார்த்தாள். அவர் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.