கம்பளிக் கோட்டு தைத்த ஏழு ஞாயிறுகள்

மந்திரவாதியாக இருந்த நான் தையல்காரியாக மாறியது அண்ணனுக்காகத்தான். அப்போது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். முதலாளியிடம் கேட்டு அண்ணனுக்கும் அங்கேயே வேலை வாங்கி வைத்திருந்தார். சேர வேண்டிய நாளுக்கு நாலு நாள் முன்பு, அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூர் போய்விட்டான். அதன்பின் வீட்டில் அவன் பேச்சே கிடையாது. கடிதம் போடவும் வழியில்லை. எங்களுக்கு வரும் தபால் எஸ்டேட் பையில் வந்து அப்பாவின் மேசையில்தான் பிரியும். போனும் அந்த மேசை மேலேதான்.

எங்கள் இருவருக்கும் மிஞ்சியது ஒரு விளையாட்டு. ஏற்காடு கடைவீதியில் ஒரு பாய், மளிகைக் கடைக்குப் பின்னால் பலகைத் தடுப்பு வைத்து, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இன்டர்நெட் நடத்தினார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஓடிப்போய் ஒரு மணி நேரம் உட்காருவேன். அதே நேரம் அண்ணனும் சிங்கப்பூரில் உட்காருவான். படம் எல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். காட்டில் நிற்கிறாய், வடக்கே ஓர் ஆறு என்று வரும். நாம் தட்டியபடி நடப்போம், சண்டை போடுவோம். அண்ணன் அதில் வாள்வீரன். அவன் எந்த மூலையில் இருந்தாலும் என் பக்கத்துக்கு இழுத்துவரும் மந்திரம் எனக்குத் தெரியும். நெருப்பு மூட்டி உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டி, ஊர்க்கதை பேசுவோம்.

வடக்கே பனிமலைக்குப் போகும்போதெல்லாம் அவன் குளிரில் செத்துச் செத்துப் பிழைத்தான். அதைத் தாங்கும் கம்பளிக் கோட்டு எந்தக் கடையிலும் இல்லை, தையல்காரர்கள்தான் செய்ய வேண்டும். "நானே தைக்கிறேன்" என்றேன். அந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு தொழில்தான். புதியதை எடுத்தால் பழையது அழிந்துவிடும்.

"மந்திரமெல்லாம் போயிருமே கண்ணு, யோசிச்சியா?" என்று தட்டினான்.

"ரெண்டே வாரம். பாத்துக்கிட்டே இரு!"

ஏழு வாரம் ஆனது. ஆட்டைப் பிடித்து ரோமம் வெட்ட வேண்டும். பாதி நேரம் ஆடு திமிறி ஓடும். சிக்கெடுத்து நூற்றால் நூல் அறுந்துபோகும், மறுபடி ஆடு. அந்தப் பக்கம் வந்த பாய் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏங்கண்ணு, உங்கூட்ல படிக்க வெச்சா நீ இங்க வந்து ஆடு மேய்க்கிறியா? மாரமங்கலத்துல நெசமாவே ஆள் தேடுறாங்க, சொல்லட்டுமா?"

எனக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை. எதையும் எடுத்தால் அதன் உச்சி வரை ஏறாமல் விடமாட்டேன், அது என் வியாதி. கூப்பிடும் மந்திரம் போய்விட்டதால், அண்ணன்தான் ஒவ்வொரு வாரமும் நான் இருக்கும் ஊருக்கு நடந்து வந்து, என் தறிக்குப் பக்கத்தில் நின்றான்.

ஏழாவது வாரம் மலையில் குளிர் இறங்கியது. ஒரு காலை, காபி குடித்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் கேட்டார்: "அவன் அந்த நீல ஸ்வெட்டரை எடுத்துட்டுப் போனானா?"

பத்து மாதத்தில் அவனைப் பற்றி அவர் கேட்ட முதல் வார்த்தை.

"வேகுற ஊருல ஸ்வெட்டரு எதுக்குங்க? கதவுக்குப் பின்னால ஆணியிலதான் தொங்குது" என்றார் அம்மா.

ஞாயிறன்று இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். போனபோது துணி கடைசிக் கட்டத்தில் இருந்தது. தைக்க ஆரம்பித்துவிட்டேன். கோட்டு முடிந்த அடுத்த நிமிடம், மழையில் இன்டர்நெட் லைன் செத்தது. மூன்று ஞாயிறு அது வரவேயில்லை.

திரையில் ஓடியதையெல்லாம் நான் ஒரு ஃப்ளாப்பியில் பதிந்து வைப்பேன், செய்முறை மறக்காமலிருக்க. மழை விட்ட ஒரு நாள், பள்ளிக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, கோட்டின் ஒரு கைக்கு எத்தனை நூல்கண்டு ஆனது என்று தேடினேன். ஊசி முறிந்தது, தையல் பிரிந்தது என்ற வரிகளுக்கு நடுவே, அந்தக் கடைசி ஞாயிறு தட்டிய சொற்களாக அண்ணன் இருந்தான்.

"இருக்கியா கண்ணு?"

"இரு."

"ஒண்ணு கேக்கணும். அப்பா என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

ஊசி முறிந்தது.

"இந்த வாரம் ஒரு முடிவு சொல்லணும், அதான் கேக்கிறேன்."

"இருண்ணா, கைப்பக்கம் வந்துட்டேன்."

"சரி."

லைன் வந்த அன்றே எல்லாவற்றையும் விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடிதமாக எழுதி வைத்தேன், அப்பா ஸ்வெட்டரைக் கேட்டது உட்பட. அடுத்த ஞாயிறு வந்தான். கோட்டைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டான்.

"நல்லா கதகதப்பா இருக்கு."

"அண்ணா, படிச்சியா?"

 

"படிச்சேன். நான் கேட்ட வாரமே மூணு வருச வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் கண்ணு. இடையில லீவும் இல்லையாம்."

"ஏன் போட்டே?"

"அங்க யாரும் என்னைக் கேக்கலைன்னு நெனச்சேன்."

நான் என்ன தட்டினேன் என்று நினைவில்லை. அன்று ஃப்ளாப்பி போடவில்லை.

டிசம்பர் பிறந்து, பக்கத்து வீடுகளில் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டில், யாரையும் பார்க்காமல் அப்பா கேட்டார்: "அந்த ஊருல எல்லாம் கிறிஸ்துமஸ்க்கு லீவு விடுவாங்களா?"

"யாருக்குங்க தெரியும்" என்றார் அம்மா.

எனக்குத் தெரியும். இலைக்கோசுப் பொரியலைச் சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பா இரண்டாவது முறை, இப்போது என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா சாமி?" என்றார்.