ஸ்டார்ட் பண்ணாத ரேடியோ

என் அக்கா மலர்விழியின் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் திருச்செங்கோட்டில் இருபது வருஷம் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக். இடுப்பு போன பிறகு பழைய கம்ப்யூட்டர், ரேடியோ என்று சேகரிப்பவர்களுக்குள் வாங்கி மாற்றிக் கொடுக்கிற வேலைக்கு வந்தார். பழக்கம் மட்டும் ரிக்கோடு போகவில்லை. எந்தச் சாமானானாலும் எலுமிச்சம்பழம் வைத்து ஒருதரம் ஓடவிட்டுப் பார்க்காமல் கையைவிட்டு அனுப்பமாட்டார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்காத குடுத்தா அது ஏமாத்து வேலை மாப்ள" என்பார். ரேடியோவைக்கூட ஸ்டார்ட்தான் பண்ணுவார். அந்த நேர்மைக்காகவே சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருக்குத் தனி மரியாதை.

போன ஐப்பசியில், எண்பதுகளில் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் ஒன்று மோகனூர்ப் பக்கம் ஒரு பரணில் கிடைத்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வேல்முருகன் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். பதிலுக்குத் தன் வால்வு ரேடியோவைத் தருவதாகப் பேச்சு.

"அண்ணா, கரண்டு மட்டும் குடுத்துராதீங்க. உள்ள கெபாசிட்டர் கெட்டுப்போயிருக்கும். மாத்திட்டு நானே போட்டுக்கறேன்" என்று வேல்முருகன் இரண்டு தடவை போன் செய்தார்.

மாமா கேட்டால்தானே! புறப்படுகிற காலையில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஸ்விட்சைத் தட்டினார். டப்பென்று ஒரு சத்தம், மூக்கை எரிக்கிற புகை. அக்கா ஜன்னலைத் திறக்க ஓடினாள். மறுபடி மறுபடி தட்டியும் அது எழுந்திருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

"நேர்லயே சொல்லிப்போடறேன் மாப்ள" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏறினோம்.

வேல்முருகன் வாசலுக்கே ஓடிவந்தார். மாமா தொண்டையைச் செருமுவதற்குள் பெட்டியை வாங்கி மேசையில் வைத்து, டிவியோடு இணைத்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டார். திரை கருப்பாகவே இருந்தது. மூடியைக் கழற்றினால் கெபாசிட்டர் வெடித்துக் கிடக்கிறது.

"உங்களுக்கு ரெண்டு தடவ சொல்லிப்போட்டு நானே போட்டுட்டனுங்களே! எம்பட தப்புதானுங்ண்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பரவால்லீங்க" என்றார் மாமா.

அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்ற என்னையும்தான்.

பேசினது பேசினதுதான் என்று ரேடியோவை வேல்முருகனே துணியில் சுற்றி மாமா கையில் கொடுத்தார். அவசரப்பட்டுக் கெடுத்தது நான்தான், மாதேஸ்வரன் அண்ணன் தங்கமான மனுஷர் என்று குழுவிலும் எழுதினார்.

ஏழு மாதமாகிறது. ரேடியோவைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். "ஸ்டார்ட் பண்ணிப் பாக்காத எப்படிங்க குடுக்கறது?" என்று மாமா திருப்பி அனுப்பிவிட்டார். அக்காதான் அதன்முன் எலுமிச்சம்பழம் வைக்கிறாள். காய்ந்து சுருங்கினால் வேறொன்று வைக்கிறாள். மாமா இன்னும் அந்த ஸ்விட்சைத் தொடவில்லை.