கனடா டேயில் நிரப்பிய ஃபோம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடியில் ஒரு சீனப் பெண்மணி இருந்தா. கட்டையாக வெட்டிய நரைமுடி. பேனையை அழுத்தி எழுதுவா. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்துகள் விரலில் முட்டும். ஆர் கேட்டாலும் ஊரிலிருந்து குடும்பத்தைக் கூப்பிடும் ஸ்பொன்சர் ஃபோம் சும்மா நிரப்பித் தருவா, ஆனால் யூலை முதலாம் திகதி, கனடா டே அன்று மட்டும்தான்.

என் மனைவிக்காகப் போனபோது காரணம் கேட்டேன். குரலை உயர்த்தாமல் இங்கிலீஷில் சொன்னா.

“சீனர் உள்ளுக்கு வரக்கூடாது எண்ட சட்டம் 1923இல இந்த நாளிலதான் தொடங்கினது. அப்பா இஞ்ச, அண்ணன் சீனாவில. என்ர அண்ணன் அப்பாவை முதன்முதல் கண்டது பதினாறு வயசில. அந்தக் காலத்தில அப்பாவின்ர தெருவில சீனர் எல்லாரும் இந்த நாளில கடையைப் பூட்டிப்போட்டு, கொடி பிடிக்காமல் இருப்பினம். எனக்கு அது மட்டும் காணாது.”

“நாங்கள் சீனர் இல்லையே.”

“அந்தச் சட்டத்தை எழுதினவனுக்கு உங்களைக் கண்டால் இன்னும் வயிறு எரியும்.”

மனைவி வந்து இறங்கியதும் லட்டோடு அவவிடம் கூட்டிக்கொண்டு போனேன். வந்தவளின் பெயரைக்கூட அவ கேட்கவில்லை. மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தா. ஆரையோ ஓங்கி அறைந்துவிட்டு வந்தவபோல முகம் மலர்ந்தது.

“ஊரில இன்னும் ஆர் ஆர் இருக்கினம்?” என்று கேட்டா.

கனடா டேக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.