கண்ணோரம் இறங்கின பொட்டு

இறால் கொம்பு குத்தினதுன்னுதான் நெனைச்சேன். ஏரித்தண்ணியில கழுத்தளவு குந்திக்கினு, கூடையைப் பல்லுல கடிச்சிக்கினு, கையால தடவி இறால் புடிக்கிற பொம்பளைக்கு மூஞ்சியில கீறல் இல்லாத நாளு ஏது? வலது கண்ணுல, மூக்கோரத்து முனையில ஒரு சின்னப் பரு. மஞ்சளை அரைச்சு அப்பினேன். காய்ஞ்சுது, உரிஞ்சுது, ரத்தம் வந்துது, மறுபடி காய்ஞ்சுது. இப்படியே வருஷம் ஓடிப்போச்சு.

பொன்னேரி டாக்டர் பார்த்ததும் பட்டணத்துக்கு அனுப்பினாரு. அங்க துணுக்கு எடுத்து சோதிச்சு, புத்துநோயின்னாங்க. மெல்லப் பரவுற ரகம்தானாம். ஆனா விட்டா கண்ணுக்குள்ளயே பூந்துடுமாம்.

கண்ணு டாக்டரம்மா என் மூஞ்சியிலயே பேனாவால கோடு போட்டாங்க. "கட்டியை எடுத்தா இங்க குழி விழும். அதை மூட இந்தத் தோலுதான் சரியா வரும்"னு அவங்க விரல் வெச்ச இடம், ரெண்டு புருவத்துக்கும் நடுவுல. "முழுசா அறுத்து எடுக்க மாட்டோம். ஒரு பக்கம் ஒட்டிட்டே இருக்கும், அதுல ரத்தம் ஓடணும்ல. அப்படியே கீழே திருப்பித் தைச்சிடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அங்கதானே என் பச்சைப் பொட்டு இருக்குது! நாள்பூரா தண்ணியில கெடக்குறவளுக்குக் குங்குமம் எங்க தங்கும்? அதான் கல்யாணமானதும் பச்சை குத்திவிட்டாங்க. புருஷன் கடல்ல இருக்கும்போது நெத்தி வெறுமையா இருந்தா அவரு உசுருக்கு ஆவாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க.

"பொட்டு போயிடுமா?"ன்னேன்.

"போகாதும்மா, இடம் மாறும்."

"நெத்தியில இல்லாத பொட்டு இன்னா பொட்டு? கண்ணு போனா போவட்டும்"னு எழுந்து வந்துட்டேன்.

வூட்ல எங்க வூட்டுக்காரர் எகிறினாரு. "உனக்கு இன்னா பைத்தியமாடி? நீ பாட்டுக்குப் போய் அறுத்துக்கினு வா. அன்னிக்கு நான் கடலுக்கே போறேன். ஒண்ணியும் ஆவாது, பாரு!" இப்படிப் பேசுற ஆம்பளையை எங்க ஊர்ல நான் பார்த்ததே இல்ல. அந்தத் தைரியத்தை நம்பித்தான் ஒத்துக்கினேன். முந்தின நாள் தங்கச்சியோட எங்க ஊரு டச்சுக் கல்லறை மதிலோரம் பஸ்சுக்கு நின்னப்பகூட, திரும்பிடலாமான்னு காலு இழுத்துது.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில அவருக்குப் போன் போட்டேன். அணைச்சு வெச்சிருந்தாரு. சொன்னபடியே கடலுக்குப் போயிட்டாரு, பாவி மனுஷன். ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துல மணல் மேடாகி, அலை படகைத் தூக்கி அடிக்கிற பருவம் வேற.

மரத்துப்போக ஊசி போட்டாங்க. வலி இல்ல, ஆனா இழுக்கிறது தெரியுது, கத்தரி சத்தம் காதுல விழுது. நெத்தியில கத்தி இறங்கினப்ப, 'ஐயோ, இப்ப முகத்துவாரம் தாண்டுறாரோ'ன்னு நெஞ்சு கிடுகிடுத்துது. "ஆடாதீங்கம்மா, கண்ணுகிட்ட இருக்கோம்"னு அதட்டினாங்க. நானா ஆடினேன்?

ஒத்தைக் கண்ணுல கட்டோட வார்டுக்கு வந்ததும், "போன் போடுடி, கரைக்கு வந்துட்டாரான்னு கேளு"ன்னேன். தங்கச்சி முழிச்சா. புடுங்கி நானே போட்டேன். இந்தத் தடவை மணி அடிச்சுது. வார்டு கதவுக்கு அந்தாண்ட அடிச்சுது.

தலையைத் தொங்கப் போட்டுக்கினு உள்ள வந்தாரு. படகை அவுக்கவே இல்லையாம். விடிஞ்சதுல இருந்து வார்டு வாசல்லயே குந்தியிருந்தாராம்.

"யோவ், பொய்காரா! உசுரைக் கையில புடிச்சிக்கினு கெடந்தேன்யா நான்!" கத்தினதுல தையல் சுரீர்னுது.

"எனக்கும் பயம்னு தெரிஞ்சா நீ போய்ப் படுத்திருப்பியா?"ன்னாரு.

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அந்த மனுஷன் கடல் பக்கமே போகல.

பிரிச்ச அன்னிக்கு, வேரோட எடுத்தாச்சு, கண்ணு தப்பிச்சுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதை அவரு காதுல வாங்கினாரோ இல்லையோ, குனிஞ்சு என் மூக்கோரம் தேடினாரு. வீங்கின தோலுல, இமை முனைக்குப் பக்கத்துல, பச்சையா புள்ளி.

"இருக்குதுடி"ன்னாரு. டாக்டரம்மா முன்னாலயே ஓன்னு அழுதாரு.

மறுநாள் கடலுக்குப் போனாரு.