மாம்பழ மூஸும் மாமனாரின் நாற்காலியும்

என் மாமனாருக்கு வாழ்க்கையில் எல்லாம் இருந்தது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தோடு நிலம், ஒரு மாந்தோப்பு, கறவைக்கு எருமைகள், எதிர்த்துப் பேசாத மனைவி, பேசவே பேசாத மகன். அந்த மகனுக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமனாரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. வெள்ளைக்கார துரை முன்னால் உட்கார அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

அந்தக் காலத்து ஜமாபந்தி தெரியாதவர்களுக்கு இது விளங்காது. வருஷத்துக்கு ஒருமுறை துரை பாலக்கோட்டுக்கு வந்து ஊர் ஊராக நிலவரிக் கணக்குப் பார்ப்பார். சுற்றுவட்டாரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் நிற்பார்கள். நிற்பார்கள் என்பதுதான் இதில் முக்கியம். யாராவது ஒருவரைப் பார்த்து துரை நாற்காலியைக் காட்டிவிட்டால் போதும், அன்றிலிருந்து அவர் வேறு ஜாதி மனிதர் மாதிரி நடக்க ஆரம்பித்துவிடுவார். என் மாமனார் வருஷா வருஷம் போய் நின்றார். வருஷா வருஷம் கால் வலியோடு திரும்பி வந்தார். வந்ததும் விளக்கெண்ணெய் தேய்த்துவிட வேண்டியது என் மாமியார், திட்டு வாங்க வேண்டியது வீட்டிலிருக்கும் மற்ற எல்லாரும்.

இந்த நாற்காலி வியாதி என் கல்யாணத்திலேயே அவரைப் பிடித்து ஆட்டியது. கல்யாணம் கடத்தூரில், எங்கள் அப்பா வீட்டில். சம்பந்திக்காக அப்பா ஊரெல்லாம் அலைந்து ஒரே ஒரு நாற்காலியை இரவல் வாங்கி வைத்திருந்தார். மாமனார் வந்து சேருவதற்குள், பஸ்ஸில் வந்து தலைசுற்றிப் போன என் பெரியம்மா அதில் சாய்ந்துவிட்டாள். அவளை எழுப்ப முடியவில்லை. எழுப்பினால் வாந்தி எடுப்பாள். ஆகவே மாமனார் ஜமக்காளத்தில் உட்கார்ந்துதான் மகன் தாலி கட்டுவதைப் பார்த்தார். அதன் பிறகு அவர் சம்பந்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆடிக்கு அழைக்க வந்த அப்பாவை வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினார். உட்காரச் சொன்னாரா என்று யாரும் கேட்க வேண்டாம்.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கைக்கு ஆனி மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். நான் பின்னிவிட்டால் ஒழிய அவளுக்குத் தலைமுடி அடங்காது. நான் பக்கத்தில் படுத்தால் ஒழிய அவளுக்குத் தூக்கம் வராது. அவள் கல்யாணத்துக்கு நான் போக வேண்டும். அந்த வைகாசி மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பாவைக் கேக்கணும்" என்றார். கேட்கவில்லை. பேசவே பேசாத மகன் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

அப்போது ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் ஒரு சேதி கொண்டு வந்தார். ஜமாபந்திக்கு வந்திருக்கும் துரை புதியவராம். மாந்தோப்புகளைப் பார்க்க ஆசைப்படுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோப்புக்கு வருகிறாராம், துரைசானியும் கூட வருகிறாளாம்.

மாமனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே தருமபுரிக்கு ஆள் அனுப்பி மூன்று நாற்காலி வாங்கினார். ஒன்று துரைக்கு, ஒன்று துரைசானிக்கு. மூன்றாவது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில் அவர் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. துரை சொல்லித்தான் உட்கார வேண்டும் என்று விரதம். வேட்டியைப் போட்டு மூடி வைத்தார். கோழி ஏறியபோது கோழிக்கு விழுந்த அடி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்தது சாப்பாடு. பாலக்கோட்டு பங்களாவில் துரையோடு வந்து தங்கியிருந்த சமையல்காரரை வண்டியில் ஏற்றி நேராக எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். வெயில் தாங்காமல் துரைசானி எதையும் தொடுவதில்லை, மூஸ் என்று ஒன்று செய்தால் மட்டும் நாலு கரண்டி சாப்பிடுவாள் என்றார் சமையல்காரர். மாமனார் என்னைக் கூப்பிட்டார். நான் எட்டாவது வரை படித்தவள். சமையல்காரர் பேசியது சுத்தமான தமிழ்தான், இருந்தாலும் வெள்ளைக்காரப் பலகாரம் இங்கிலீஷ் படித்தவள் காதில்தான் ஏறும் என்று மாமனார் முடிவு கட்டியிருந்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "மாமா, தொரைசானி நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா, என்னைத் தங்கச்சி கண்ணாலத்துக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

கர்ணமும் சமையல்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாராளமாக இருக்க வேண்டிய நேரம். "அந்தம்மா வாயால நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை வரட்டும். நானே வண்டி கட்டி உன்னைக் கடத்தூருக்கு அனுப்பறேன், போ" என்றார்.

சமையல்காரர் சொன்னது இவ்வளவுதான். காய்ச்சாத பாலை அகலப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, மேலே படிகிற ஏட்டை வழித்து எடுக்க வேண்டும். அதை ஐஸ் மேல் வைத்து, நுரைத்துக் கெட்டியாகும் வரை அடிக்க வேண்டும். மாம்பழச் சாற்றில் சர்க்கரை கலந்து, அதை இதோடு மெதுவாகச் சேர்த்து, மறுபடியும் ஐஸில் புதைத்து வைத்தால் மூஸ். அடுப்பே வேண்டாம். "ஒண்ணே ஒண்ணும்மா" என்றார். "நுரை நிமிந்து நிக்கும். அங்கயே நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு சுத்து சுத்தினாலும் காரியம் கெட்டுப்போயிடும்."

மாமியாரால் இதைத் தாங்க முடியவில்லை. "அடுப்புல ஏத்தாம விருந்தாளிக்குப் போடறதா? காச்சாத பால்லயா? பாவம், அவுங்க ஊர்ல வெறகு கெடைக்காது போல" என்றாள். கடல் தாண்டி வந்து நம்மை ஆளுகிறவர்களுக்கு விறகு கிடைக்காமல் போவது எப்படி என்று நான் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசாத மாமியாருக்கு வாய்த்த மருமகளும் அப்படித்தானே இருக்க வேண்டும்!

ஐஸ் பெங்களூரிலிருந்து ஓசூர் வரை பஸ்ஸிலும், ஓசூரிலிருந்து மாரண்டஹள்ளி வரை சின்ன ரயிலிலும் வந்தது. மரத்தூள் கொட்டிய சாக்கில் கட்டியது கட்டியாகத்தான் வந்து இறங்கியது. நேராகச் சமையல்கட்டுக்கு வந்திருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் தன் வீட்டுக்கு ஐஸ் வந்திருப்பது ஊருக்குத் தெரியாமல் போனால் மாமனாருக்கு ஐஸ் எதற்கு? சாக்கை வாசலில் பிரித்து வைத்தார். ஊர் மொத்தமும் வந்தது. தொட்டவர்கள் சுடுகிறது என்று கையை உதறினார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு கிழவர் முட்டியைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மாமனார் கத்தியால் கொத்திக் கொத்திக் கொடுத்தார். என்னிடம் வந்து சேர்ந்தபோது சாக்கு இருந்தது, மரத்தூள் இருந்தது, ஐஸ் ஒரு தேங்காய்மூடி அளவு இருந்தது.

அந்தத் தேங்காய்மூடி மேல் பானையை வைத்து, ஏட்டைப் போட்டு, மத்தால் அடித்தேன். அடித்தேன் என்றால் அப்படி இப்படி இல்லை. தங்கை கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்ப்பதும் பார்க்காததும் அந்தப் பானைக்குள்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நுரைத்தது, பிறகு தடித்தது. மத்தைத் தூக்கிப் பார்த்தேன். சமையல்காரர் சொன்னபடியே நுரை நிமிர்ந்து நின்றது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில். மாம்பழச் சாற்றை எடுத்துவரப் பின்கட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைய உட்கார்ந்தால் வெண்ணெய் திரளாமல் மத்தை எடுக்கக் கூடாது. பாதியில் எடுத்தால் மாட்டுக்கு மடி வற்றிவிடும். பிறந்ததிலிருந்து எங்கள் பெண்களின் கைக்கு இது பழக்கம். மூளையைக் கேட்டு அந்தக் கை வேலை செய்வதில்லை. நான் திரும்பி வந்தபோது மாமியார் பானை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. மத்தைச் சுற்றி உருண்டை உருண்டையாக, தங்கநிறம் தட்டாத வெள்ளை வெளேர் எருமை வெண்ணெய். கீழே மோர் தளும்பியது.

"அரைகுறையா வுட்டுட்டுப் போயிட்டியே! நல்லவேளை, நான் பாத்தேன்" என்றாள்.

"அத்தை, அது வெண்ணெய் ஆவக் கூடாதுங்க அத்தை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "வெண்ணெய் ஆவாம வேற என்னாவாம்மா ஆவும்?" என்றாள். நாலு எருமைகளின் மடியைக் காப்பாற்றிய நிம்மதியில் அவள் எழுந்து போனாள்.

வேறு பால் இல்லை, வேறு ஐஸ் இல்லை, தோப்பிலிருந்து துரையின் மோட்டார் கார் சத்தம் கேட்கிறது. மோரை வடித்தேன். வெண்ணெயில் சர்க்கரையையும் மாம்பழச் சாற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்தேன். மஞ்சளாக ஏதோ ஒன்று வந்தது. கிண்ணத்தில் வைத்து வழித்துவிட்டு, அந்த ஐஸ் தண்ணீரில் கிண்ணத்தை உட்கார வைத்தேன். தங்கை கல்யாணம் முடிந்தது, நான் இல்லாமலே முடிந்தது என்று நினைத்துக்கொண்டே செய்தேன்.

துரையும் துரைசானியும் உட்கார்ந்தார்கள். மாமனார் மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிண்ணத்தை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். துரைசானி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பிறகு அவள் கண்ணை விரித்துக்கொண்டு சமையல்காரரைக் கூப்பிட்டாள். ரொட்டி கொண்டுவரச் சொன்னாள். அவர் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்த ரொட்டியில் என் மூஸைக் கத்தியால் தடவித் தடவித் தின்றாள். முகாமுக்குக் கொண்டுவந்த டப்பா வெண்ணெய் வெயிலில் உருகி ஊசிப்போய், வெறும் ரொட்டியைத் தின்று அலுத்துக் கிடந்தாளாம். இதைச் சமையல்காரர் பிறகு சொன்னார். அவள் பிரமாதம் பிரமாதம் என்று இங்கிலீஷில் சொன்னது எனக்கே நேராகப் புரிந்தது. துரையும் ஒரு துண்டு வாங்கித் தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு என் மாமனாரைப் பார்த்து, "ஏன் நிக்குறீங்க? உக்காருங்க" என்றார்.

மாமனார் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில், கோழி முட்டைமேல் உட்காருவதைவிட ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் நின்றார். மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்தாள். எனக்கு அந்த மனிதர் மேல் அன்று பாசமே வந்துவிட்டது.

அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். கூறைப் புடவையை எடுத்து வெயில் காட்டினேன். தங்கைக்கு என்று தாழம்பூ வாங்கிவர ஆள் சொல்லி வைத்தேன்.

புறப்படுவதாக இருந்த நாளைக்கு முந்தின நாள் மாமனார் கூப்பிட்டார். மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அதைவிட்டு அவர் இறங்குவதே இல்லை, வெற்றிலை போடுவதும் அதில்தான்.

"தொரை இந்த மாசம் திரும்ப வந்தாலும் வருவாருன்னு கர்ணம் சொல்றாரு. அந்தம்மா வந்து அந்தப் பலகாரம் எங்கன்னு கேட்டா, இந்த வூட்ல யாருக்குச் செய்யத் தெரியும்? நீ எங்கயும் போவ வேணாம்" என்றார்.

"நீங்கதானே மாமா சொன்னீங்க, வண்டி கட்டி அனுப்பறேன்னு?" என்றேன்.

"கட்டாம இருப்பனா? வண்டி போவும். அந்தப் பலகாரத்தையே ஒரு பானை செஞ்சு குடு, அனுப்பறேன். தொரைசானி தின்ன பலகாரம், எவன் வூட்டுக் கண்ணாலத்துல போடுவான்? உங்கப்பனுக்கு இதைவிட மரியாதை வேற என்னா வேணும்?" என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனதார, பெருந்தன்மையோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

மாமியாரும் நானும் உட்கார்ந்து கடைந்தோம். இந்த முறை மத்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வைக்கோல் பரப்பி, எனக்கு என்று விரித்த ஜமக்காளத்தின் மேல் பானையை வைத்துக் கட்டி, மாட்டுக்குச் சலங்கை போட்டு, மாமனார் ஊர் பார்க்க வண்டியை அனுப்பினார். துரை அந்த ஆனியில் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை, அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

வண்டி திரும்பி வந்ததும் நான் வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் எப்படி, மாப்பிள்ளை எப்படி, அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்துதான் வாய் திறந்தார்.

"வெண்ணெய் வழியிலயே உருகிப்போச்சுங்க. அத வுடுங்க. சலங்கை சத்தம் கேட்டதும் பொண்ணு மஞ்சத் தண்ணி சொட்டச் சொட்ட வெளிய ஓடியாந்துடுச்சுங்க. அக்கா அக்கான்னு வண்டிக்குள்ள எட்டிப் பாத்துச்சு. பானைதானுங்களே இருந்துச்சு. நீங்க வெளையாட்டுக்கு ஒளிஞ்சிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சு, வைக்கோலை எல்லாம் வாரிக் கீழ போட்டுத் தேடுச்சுங்க."