மூன்று முறையும் 15.1

திருவண்ணாமலையில் நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு பௌர்ணமி நாள். கிரிவலக் கூட்டம் பெருகிவிட்டால் பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில்தான் அதைச் செய்தேன்.

ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் இளஞ்சிவப்பாகும் அளவை மூன்று முறை எடுக்க வேண்டும். நான் ஒரே முறை, அதுவும் குழாயைச் சட்டென்று திறந்துவிட்டு எடுத்தேன். வந்த 15.1-ஐ மூன்று வரிசையிலும் எழுதிவிட்டேன்.

அதே கரைசலில் பக்கத்து மேசை யாஸ்மினுக்கு 14.2, 14.4, 14.3.

மேடம் இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு யாஸ்மினிடம் சொன்னார். “இவளுக்கு மூணும் ஒண்ணா வந்திருக்கு. உனக்கு மட்டும் ஏன் மாறி மாறி வருது? திரும்பப் பண்ணு” என்றவர் என்னிடம், “நீயும் கூட இரும்மா, இவளுக்குச் சொல்லிக் குடு.”

யாஸ்மின் மறுபடி செய்தாள். 14.3. இன்னொரு முறை. அதே 14.3.

“நீ ஒரு வாட்டிதானேடி பண்ண?” என்றாள் மெதுவாக. நான் பியூரெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். போய் உண்மையைச் சொல்ல மேடம் அறைக் கதவு திறந்துதான் இருந்தது, நான் போகவில்லை.

மேடம் வந்தார். “என்ன வந்துச்சு?”

யாஸ்மின் என்னைப் பார்த்தாள்.

“15.1 மேடம்” என்றபடி தன் நோட்டில் மூன்று வரிசையிலும் அதையே எழுதினாள்.

“இப்பதான் சரி” என்று கையெழுத்துப் போட்டார்.

பேருந்து நின்றிருந்த இடம்வரை கூட்டத்துக்குள் ஒன்றாகவே நடந்தோம். “எனக்கும் வீட்டுக்குப் போவணும்ல” என்று மட்டும் சொன்னாள்.

பொய் சொன்னவள் நான். அதைத் தன் கையால் எழுத வேண்டியிருந்தது அவளுக்கு.